ஆர்சி புத்தகத்தில் எந்த எடையைப் பார்க்க வேண்டும்?

கேள்வி:

வணக்கம் சார். எனக்கு வயது 26. பத்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். 19 வயதில் எல்எம்வி லைசென்ஸ் எடுத்தேன். நான்கு வருடமாக டாடா ஏஸ் வண்டியில் லோடு அடிக்கிறேன். லைசென்ஸில் டிரான்ஸ்போர்ட் எண்டார்ஸ்மென்ட், அதாவது போக்குவரத்து வாகனம் ஓட்டலாம் என்ற பதிவு, கிடையாது. 'பேட்ஜ் போடாமல் மஞ்சள் போர்டு வண்டியைத் தொடக் கூடாது' என்கிறார் ஒருவர். 'அதையெல்லாம் சுப்ரீம் கோர்ட் எடுத்துவிட்டது' என்கிறார் இன்னொருவர்.

இப்போது என் சித்தப்பா பழைய லாரி ஒன்று வாங்கியிருக்கிறார். ஆர்சியில் காலி எடை 4,400 கிலோ, மொத்த எடை 11,990 கிலோ. 7,500 கிலோவுக்குள் இருந்தால் கார் லைசென்ஸ் போதும், காலி எடை அதற்குள்தானே இருக்கிறது, நீயே ஓட்டு, லைசென்ஸ் மெதுவாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். தற்போது ஓட்டும் டிரைவரின் ஹெவி லைசென்ஸ் மூன்று வாரத்துக்கு முன்பு முடிந்துவிட்டது. முப்பது நாள் டைம் இருக்கிறது என்று அவர் ஓட்டிக்கொண்டே இருக்கிறார். அடுத்த மாதம் ஆசிட் கேன் லோடு வேறு பேசியிருக்கிறார்கள். சித்தப்பாவிடம் முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

தம்பி, முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், விளக்கம் பிறகு. ஏஸ் வண்டியை நீங்கள் தாராளமாக ஓட்டலாம். சித்தப்பாவின் லாரியை இப்போதைக்குத் தொடாதீர்கள். அந்த டிரைவரும் லைசென்ஸைப் புதுப்பிக்கும்வரை ஸ்டியரிங்கில் உட்காரக் கூடாது. ஆசிட் லோடுக்கு இந்த 7,500 கணக்கே கிடையாது, அதற்குத் தனி விதி.

நான் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்தும் வக்கீல். லைசென்ஸ் கேள்விகளோடு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் விபத்து நடந்த பிறகுதான் வருவார்கள். விபத்துக்கு முன்பே கேட்டவர் நீங்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்களிடம் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னதில் ஆச்சரியமில்லை. குழப்பம் சட்டத்துக்குள்ளேயே இருந்தது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 3 என்ன சொல்கிறது? பொது இடத்தில் வண்டி ஓட்ட லைசென்ஸ் வேண்டும். அதிலும் போக்குவரத்து வாகனம், அதாவது டிரான்ஸ்போர்ட் வெஹிகிள் ஓட்ட வேண்டுமானால், அதற்கென்று லைசென்ஸில் குறிப்பாக அனுமதி இருக்க வேண்டும் என்கிறது. சரக்கு வண்டி, டாக்சி, பஸ், பள்ளி வாகனம் எல்லாம் இந்தப் போக்குவரத்து வாகனத்துக்குள் வரும். இதை மட்டும் படித்தால் 'ஏஸ் ஓட்டவும் எண்டார்ஸ்மென்ட் வேண்டும்' என்றுதான் தோன்றும்.

ஆனால் அதே சட்டத்தின் பிரிவு 2(21)-க்குப் போனால் கதை மாறுகிறது. இலகு ரக மோட்டார் வாகனம், நாம் எல்எம்வி என்று சொல்வது, எது என்பதற்கு அங்கே விளக்கம் இருக்கிறது. மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத போக்குவரத்து வாகனமும் எல்எம்விதான் என்கிறது அது. அப்படியானால் உங்கள் ஏஸ் எல்எம்வியா, போக்குவரத்து வாகனமா? இரண்டும்தான். 1994-ல் கொண்டுவந்த திருத்தத்துக்கு முன்னால் லைசென்ஸில் நடுத்தர சரக்கு வாகனம், நடுத்தர பயணிகள் வாகனம், கனரக சரக்கு வாகனம், கனரக பயணிகள் வாகனம் என்று நான்கு தனித்தனி வகைகள் இருந்தன. அந்த நான்கையும் தூக்கிவிட்டு 'போக்குவரத்து வாகனம்' என்ற ஒரே பெயரை வைத்தார்கள். எல்எம்வி விளக்கத்துக்குள் ஏற்கெனவே அதே சொல் உட்கார்ந்திருந்ததை யாரும் சரிசெய்யவில்லை. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு காப்பீட்டு நிறுவனங்களும் வண்டி உரிமையாளர்களும் கோர்ட்டுகளில் முட்டிக்கொண்டார்கள். எங்களைப் போன்ற வக்கீல்களுக்கு அதனால் வேலை கிடைத்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2017 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, முகுந்த் தேவாங்கன் வழக்கில், எல்எம்வி லைசென்ஸ் வைத்திருப்பவர் அந்த எடைக்குள் இருக்கும் போக்குவரத்து வாகனத்தை ஓட்டத் தனி எண்டார்ஸ்மென்ட் தேவையில்லை என்று சொன்னது. 2018 ஏப்ரலில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமும் அதை ஒட்டி மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. ஆனால் காப்பீட்டு நிறுவனங்கள் விடவில்லை. அந்தத் தீர்ப்பு சட்டத்தின் சில பிரிவுகளைக் கவனிக்காமல் எழுதப்பட்டது என்று வாதாட, விஷயம் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வுக்குப் போனது. 2024 நவம்பர் 6-ஆம் தேதி, பஜாஜ் அலையன்ஸ் எதிர் ரம்பா தேவி வழக்கில், ஐந்து பேரும் ஒருமனதாக 2017 தீர்ப்பை உறுதி செய்தார்கள். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் போக்குவரத்து வாகனத்துக்கு எல்எம்வி லைசென்ஸ் போதும். போக்குவரத்து வாகனத்துக்கென்று சட்டம் வைத்திருக்கும் கூடுதல் தகுதிகள், அந்த எடையைத் தாண்டிய வண்டிகளுக்குத்தான் பொருந்தும்.

ஆக, உங்களுடைய நான்கு வருட ஏஸ் ஓட்டத்தில் தப்பு எதுவும் இல்லை. எண்டார்ஸ்மென்ட் இல்லை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி அந்த வண்டிக்குக் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்க முடியாது.

'பேட்ஜ்' பற்றி ஒரு வார்த்தை. ஓட்டுநர்கள் பேச்சில் பேட்ஜும் எண்டார்ஸ்மென்டும் ஒன்றாகிவிட்டன. உண்மையில் இரண்டும் வேறு. எண்டார்ஸ்மென்ட் என்பது லைசென்ஸில் ஒரு வாகன வகையைச் சேர்ப்பது; அது மத்தியச் சட்டம். பேட்ஜும் சீருடையும் மாநில அரசு தன் விதிகளில் வைத்துக்கொள்வது. அதற்கான அதிகாரத்தைச் சட்டத்தின் பிரிவு 28 மாநிலத்துக்குக் கொடுத்திருக்கிறது. பேட்ஜ் பேச்சு முக்கியமாகப் பயணிகளை ஏற்றுகிற டாக்சி, ஆட்டோ, பஸ் ஓட்டுநர்களுக்கானது. நாளைக்கு நீங்கள் டாக்சி பக்கம் போவதாக இருந்தால் உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் அதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சரக்கு ஏற்றும் ஏஸ் வண்டிக்காக இப்போது அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

(எண்டார்ஸ்மென்ட் என்ற சொல்லுக்குச் சட்டத்தில் இன்னொரு பொருளும் உண்டு. குற்றத்துக்காகக் கோர்ட் ஒருவரை வண்டி ஓட்டத் தகுதியிழக்கச் செய்யும்போது அதை அவருடைய லைசென்ஸில் குறித்து வைப்பதையும் அப்படித்தான் சொல்வார்கள். ஒருவர் லைசென்ஸில் 'எண்டார்ஸ்மென்ட் இருக்கிறது' என்று யாராவது சொன்னால், எந்த எண்டார்ஸ்மென்ட் என்று கேட்டுவிட்டு அப்புறம் சந்தோஷப்படுங்கள்.)

சரி, லாரிக்கு வருவோம். உங்கள் சித்தப்பா பாதியைச் சரியாகத்தான் கேள்விப்பட்டிருக்கிறார். 7,500 என்ற எண் சரி. அவர் பார்க்கும் எடைதான் தப்பு.

ஆர்சியில் இரண்டு எடை இருக்கும். ஒன்று காலி எடை, சரக்கு இல்லாமல் வண்டி மட்டும் நிற்கும்போது உள்ள எடை. இன்னொன்று மொத்த வாகன எடை, வண்டியும் அது ஏற்ற அனுமதிக்கப்பட்ட சரக்கும் சேர்ந்தது. ஆர்சியைப் பொறுத்து ஜிவிடபிள்யூ என்றோ பாரம் ஏற்றிய எடை என்றோ போட்டிருக்கும். பிரிவு 2(21) இந்த இரண்டையும் பயன்படுத்துகிறது, அங்கேதான் ஆட்கள் வழுக்கி விழுகிறார்கள். காருக்கும் டிராக்டருக்கும் ரோடு ரோலருக்கும் காலி எடையைப் பார்க்கச் சொல்கிறது. போக்குவரத்து வாகனத்துக்கும் ஆம்னி பஸ்ஸுக்கும் மொத்த எடையைப் பார்க்கச் சொல்கிறது. லாரி சரக்கு வண்டி. எனவே மொத்த எடை. உங்கள் லாரிக்கு அது 11,990. எல்லையைக் கிட்டத்தட்ட நாலரை டன் தாண்டிவிட்டது. காலி எடை 4,400 என்பது இந்தக் கேள்விக்குச் சம்பந்தமே இல்லாத எண். ஒரு பெரிய லாரியின் காலி எடைகூட 7,500-க்குள் வரலாம். அதை வைத்து அளந்தால் ஹெவி லைசென்ஸ் என்ற ஒன்றே தேவைப்படாமல் போய்விடும்.

காலியாக ஓட்டும்போது பரவாயில்லையா என்று அடுத்து கேட்பார். இல்லை. வண்டியின் வகையை ஆர்சியில் பதிவான எடை முடிவு செய்கிறது, அன்றைக்கு மேலே என்ன ஏற்றியிருக்கிறீர்கள் என்பது முடிவு செய்வதில்லை. சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியைத் திருப்பி ஓட்டி வந்தாலும் அது 11,990 கிலோ வண்டிதான். இதையே தலைகீழாகவும் யோசிக்கலாம். 7,500-க்குள் பதிவான வண்டியில் அளவுக்கு மீறி ஏற்றினால் லைசென்ஸ் வகை மாறாது. ஆனால் பிரிவு 194-ன்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் இருக்கிறது. ஏஸ் ஓட்டுகிற உங்களுக்கு இது தெரிந்திருக்கட்டும்.

சக்கரத்தை எண்ணியும் முடிவு செய்யாதீர்கள். ஆறு சக்கரம் என்றால் ஹெவி, நாலு சக்கரம் என்றால் லைட் என்று ஸ்டாண்டில் பேசிக்கொள்வார்கள். பின்னால் இரட்டை டயர் போட்ட சிறிய லாரிகளில் மொத்த எடை 7,490 கிலோ என்று பதிவானவை நிறைய உண்டு. அந்தப் பத்து கிலோ தற்செயலாகக் குறைந்ததில்லை. இந்த எல்லையைத் தெரிந்துகொண்டே அப்படித் தயாரிக்கிறார்கள். அதே தோற்றத்தில் இருக்கும் இன்னொரு ஆறு சக்கர லாரி 16,200 கிலோவாகவோ, 2018-ல் ஒவ்வொரு அச்சும் (ஆக்சில்) தாங்கலாம் என்று அனுமதித்த பாரத்தை உயர்த்திய பிறகு 18,500 கிலோவாகவோ இருக்கலாம். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. ஆர்சியைத் திறக்க வேண்டும்.

இப்போது சித்தப்பாவிடம் சொல்ல வேண்டிய பகுதி. அவர் மனசில் கணக்கு இப்படி ஓடும்: பிடித்தால் அபராதம், அவ்வளவுதானே. அந்த அபராதம் எவ்வளவு என்று பார்ப்போம். உரிய லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்குப் பிரிவு 181-ன்படி உங்களுக்கு 5,000 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அப்படிப்பட்டவரை ஓட்ட விட்டதற்குப் பிரிவு 180-ன்படி அவருக்கும் அதே 5,000 அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஓட்டுநருக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்ப்பது உரிமையாளரின் கடமை என்று பிரிவு 5 தனியாகவே சொல்கிறது. 'பையன் சொல்லவில்லை, எனக்குத் தெரியாது' என்று அவர் ஒதுங்க முடியாது.

பத்தாயிரம் ரூபாயோடு முடிகிற விஷயமாக இருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். லாரி ஒருவர் மேல் மோதிவிட்டது என்று வையுங்கள். யார் தப்பு என்பது பிறகு. இழப்பீட்டு வழக்கு தீர்ப்பாயத்துக்கு வரும். காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் முதலில் கேட்கும் இரண்டு காகிதங்கள், வண்டியின் ஆர்சியும் ஓட்டுநரின் லைசென்ஸும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். 11,990 கிலோ வண்டி, எல்எம்வி லைசென்ஸ். முடிந்தது. உரிய லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினார் என்பது காப்பீட்டு நிறுவனத்துக்குச் சட்டமே கொடுத்திருக்கும் எதிர்வாதம்; இப்போது அது பிரிவு 150-ல் இருக்கிறது.

பல வழக்குகளில் தீர்ப்பாயம் என்ன செய்யும் என்றால், பாதிக்கப்பட்ட குடும்பம் அலையக் கூடாது என்று காப்பீட்டு நிறுவனத்தை முதலில் பணம் கட்டச் சொல்லும். கட்டிய பணத்தை வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ள அனுமதி கொடுக்கும். நாங்கள் இதை 'பே அண்ட் ரெகவர்' என்போம். உரிமையாளருக்கு முதலில் ஒன்றும் தெரியாது. வழக்கு முடிந்துவிட்டது, கம்பெனி கட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பார். பிறகு ஒரு நாள் வசூல் நோட்டீஸ் வரும். சம்பாதிக்கிற வயதில் ஒருவர் இறந்திருந்தால் இழப்பீடு பல லட்சத்தில் இருக்கும், வட்டியும் சேரும். ஒற்றை லாரி வைத்திருந்த ஒருவர் அந்த நோட்டீஸோடு என் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்தது நினைவிருக்கிறது. வருடா வருடம் பிரீமியம் தவறாமல் கட்டிய ரசீதுகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார். அவற்றால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை.

இதில் உரிமையாளருக்கு ஒரு பாதுகாப்பு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: லைசென்ஸில் குறை இருந்தது என்று காட்டினால் மட்டும் போதாது, உரிமையாளர் தெரிந்தோ அலட்சியமாகவோ அதை அனுமதித்தார் என்பதையும் காப்பீட்டு நிறுவனம் நிரூபிக்க வேண்டும். ஓட்டுநர் போலி லைசென்ஸைக் காட்டி, உரிமையாளர் அதை நம்பி வேலைக்கு எடுத்த வழக்குகளில் இது கைகொடுத்திருக்கிறது. உங்கள் சித்தப்பாவுக்கு இது உதவாது. உங்களிடம் என்ன லைசென்ஸ் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். 'மெதுவாக எடுத்துக்கொள்ளலாம்' என்று அவரே சொல்லியிருக்கிறார். குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வாக்கியம் போதும்.

மூன்றாம் நபருக்கான இழப்பீட்டோடும் இது நிற்பதில்லை. லாரிக்கு ஏற்படும் சேதத்துக்கான தொகை மறுக்கப்படலாம். உங்களுக்கே கை கால் உடைந்தால், அதற்கான இழப்பீட்டிலும் இதே ஆட்சேபம் வரும். 'சித்தப்பா, உங்கள் வீட்டைக் காப்பாற்றத்தான் மறுக்கிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். பயப்படுகிறான் என்று நினைப்பதைவிட அது அவருக்கு நன்றாகப் புரியும். கோபித்துக்கொண்டால் இந்தப் பக்கத்தையே படிக்கக் கொடுங்கள், திட்டு எனக்கு வரட்டும்.

தற்போதைய டிரைவர் சொல்லும் முப்பது நாள், பழைய சட்டம். முன்பு லைசென்ஸ் முடிந்த பிறகும் முப்பது நாள் செல்லும் என்று பிரிவு 14-ல் இருந்தது. 2019 திருத்தம் அதை எடுத்துவிட்டது. இப்போது முடிந்த மறுநாளே லைசென்ஸ் இல்லாதவர்தான். அதே திருத்தம் போக்குவரத்து வாகன லைசென்ஸின் காலத்தை மூன்று வருடத்திலிருந்து ஐந்து வருடமாக்கியது. முடிவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம் என்றும் ஆக்கியது. முடிந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் மீண்டும் ஓட்டிக் காட்டத் தேவையில்லை. ஒரு வருடம் தாண்டினால் டெஸ்ட் உண்டு.

பலருக்கும் தெரியாதது இதற்கு அடுத்து வருவது. முடிந்த பிறகு புதுப்பித்தால், புதுப்பித்த தேதியிலிருந்துதான் அது செல்லும். பழைய தேதியிலிருந்து தொடராது. நடுவில் இருக்கும் நாட்கள் ஓட்டையாகவே நிற்கும். அந்த மூன்று வாரத்தில் ஒரு விபத்து நடந்திருந்தால், பிற்பாடு புதுப்பித்துக் காட்டியும் பயனில்லை. எதுவும் நடக்காமல் போனது அவருடைய அதிர்ஷ்டம். உடனே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். டாக்டர் கையெழுத்திட்ட படிவம் 1-ஏ மருத்துவச் சான்றிதழ் வேண்டும்; மற்றதை ஆன்லைனில் சாரதி தளத்திலேயே தொடங்கலாம்.

இடையில் வேறு டிரைவரைப் போட்டால், அவருடைய லைசென்ஸ் அட்டையில் இரண்டு விஷயங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். முதலாவது, வகை. எல்எம்வி-டிஆர் என்று மட்டும் இருந்தால் அது இலகு ரகப் போக்குவரத்து வாகனம், இந்த லாரிக்குப் போதாது. இரண்டாவது, தேதி. அட்டையில் போக்குவரத்து அல்லாத வாகனத்துக்கு ஒரு தேதியும் போக்குவரத்து வாகனத்துக்கு ஒரு தேதியும் தனித்தனியாக இருக்கும். முன்னது பல வருடம் தள்ளி இருக்கும். அவசரத்தில் அதைப் பார்த்துவிட்டு 'இன்னும் காலம் இருக்கிறது' என்று நினைத்துவிடுவார்கள். லாரிக்குப் பின்னதுதான். அட்டையை மட்டும் நம்பாமல், லைசென்ஸ் எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டுப் பரிவாகன் தளத்தில் சரிபார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளட்டும். ஸ்வரண் சிங் வழக்கில் சொன்ன அக்கறைக்கு நாளைக்கு அந்தத் தாள்தான் சாட்சி.

ஆசிட் லோடு. 2024 தீர்ப்பு எல்எம்வி ஓட்டுநர்களுக்குத் தந்த சலுகையிலிருந்து மூன்றை வெளியே வைத்தது: மின் ரிக்ஷா, இ-கார்ட் எனப்படும் மின் சரக்கு வண்டி, அபாயகரமான பொருள் ஏற்றும் வண்டி. அமிலம் மூன்றாவதில் வரும். இதற்கு மத்திய மோட்டார் வாகன விதிகளின் விதி 9 இருக்கிறது. ஓட்டுநர் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் மூன்று நாள் பயிற்சி முடித்து, அதை லைசென்ஸில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு மூன்று வருடம் செல்லும். புதுப்பிக்க ஒரு நாள் மறுபயிற்சி. ஆங்கிலமும், அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள ஏதாவது ஒரு இந்திய மொழியும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். போக்குவரத்து லைசென்ஸுக்கு முன்பு இருந்த எட்டாம் வகுப்பு நிபந்தனையை 2019-ல் எடுத்துவிட்டார்கள். ஆனால் இந்த எழுத்தறிவு நிபந்தனை அபாயகரமான சரக்குக்கு இருக்கிறது, இருக்கவும் வேண்டும் என்பது என் கருத்து. கேன் உடைந்து ரோட்டில் ஓடும்போது என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய டிரெம் கார்டு கேபினில் இருக்கும். அதைப் படிக்கத் தெரியாதவர் கையில் அது வெறும் அட்டை. நீங்கள் பத்தாவது படித்தவர், உங்களுக்கு அது தடையாக இராது.

ஓட்டுநர் மட்டும் தயாரானால் ஆசிட் லோடு ஏற்றிவிட முடியாது. வண்டியில் அபாய வகை லேபிள், அவசரத் தகவல் பலகை எல்லாம் வேண்டும். சரக்கைப் பற்றிய முழு விவரத்தை அனுப்புகிறவர் உரிமையாளருக்குக் கொடுக்க வேண்டும், உரிமையாளர் ஓட்டுநருக்குக் கொடுக்க வேண்டும். இவ்வளவும் அடுத்த மாதத்துக்குள் தயாராகுமா என்று எனக்குச் சந்தேகம்தான். 'லாரி வேண்டாம், ஏஸ்ஸில் நாலைந்து நடையாக அடித்துவிடலாம்' என்று யாராவது யோசனை சொல்வார்கள் பாருங்கள். விதி 9-க்கு வண்டி சிறிதா பெரிதா என்பது கணக்கில்லை. அந்த லோடை விட்டுவிடச் சொல்லுங்கள்.

கடைசியாக, நீங்கள் ஹெவி எடுப்பது. எடுங்கள். தொழிலில் இருக்கப் போகிறீர்கள் என்றால் இன்று இல்லாவிட்டாலும் நாளை தேவைப்படும். போக்குவரத்து வாகனம் ஓட்டக் குறைந்தபட்ச வயது 20, உங்களுக்கு 26. போக்குவரத்து வாகனத்துக்கு எல்எல்ஆர் கேட்பவர் எல்எம்வி லைசென்ஸை ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்கிறது பிரிவு 7. உங்களிடம் ஏழு வருடமாக இருக்கிறது. அதனால் இந்த வாரமே தொடங்கலாம். கையில் இருக்கும் எல்எம்விக்கு இதனால் பாதகம் ஒன்றும் வராது. அதன் காலம் அதன் பாட்டுக்கு இருக்கும், போக்குவரத்துக்கு மட்டும் ஐந்து வருடக் கணக்கு தனியாக ஓடும்.

முதல் வேலை மருத்துவச் சான்றிதழ், அதே படிவம் 1-ஏ. நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா என்பதெல்லாம் அதில் டாக்டர் பதில் எழுத வேண்டிய கேள்விகள். டாக்டரை நேரில் பார்த்து வாங்குங்கள். உட்கார்ந்த இடத்தில் கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்கிறவரிடம் போகாதீர்கள். கண்ணில் கோளாறு இருந்தால் லாரி ஓட்டும் முன்பு தெரிந்துகொள்வது உங்களுக்குத்தானே நல்லது. எல்எல்ஆர் வந்தபின் முப்பது நாள் கழித்து டெஸ்டுக்கு விண்ணப்பிக்கலாம். எல்எல்ஆர் ஆறு மாதம் செல்லும். இதில் டிரைவிங் ஸ்கூல் கட்டாயம், ஏனென்றால் போக்குவரத்து வாகனத்துக்கு ஸ்கூல் கொடுக்கும் படிவம் 5 சான்றிதழ் வேண்டும். டெஸ்டையும் அந்த வகை வண்டியில்தான் ஓட்டிக் காட்ட வேண்டும், ஏஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்த முடியாது.

எல்எல்ஆர் கிடைத்ததும் சித்தப்பா மறுபடி ஆரம்பிப்பார்: 'அதான் எல்எல்ஆர் இருக்கிறதே, எடுடா வண்டியை.' எல்எல்ஆரில் தனியாக ஓட்டக் கூடாது. அந்த வண்டிக்கு உரிய, காலாவதியாகாத லைசென்ஸ் உள்ள ஒருவர், தேவைப்பட்டால் வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' ஒட்டியிருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார அந்தப் பழைய டிரைவரே போதுமே என்று நினைப்பீர்கள். அவர் முதலில் புதுப்பித்துக்கொண்டு வரட்டும். அப்போதும் லாரியில் வாடகை லோடை ஏற்றிக்கொண்டு பழகாதீர்கள். பயிற்சியை ஸ்கூல் வண்டியில் முடியுங்கள்.

ஸ்கூலில் பணம் கட்டும் முன் அவர்களுடைய உரிமத்தை வாங்கிப் பாருங்கள். கனரக வாகனப் பயிற்சிக்கும் சேர்த்துக் கொடுத்த உரிமமா, சொந்தமாகப் பயிற்சி லாரி இருக்கிறதா என்று கேளுங்கள். கார் மட்டும் கற்றுக்கொடுக்கும் ஸ்கூல் 'நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டு, கடைசியில் படிவம் 5-க்காக உங்களை வேறொரு ஸ்கூலுக்கு அனுப்பினால் ஒரு மாதமும் பணமும் போய்விடும்.